வட்டத்தில் ஓர் ஆள் கூடியபோது

குஷன்காரரிடம் அவருடைய பிள்ளைகளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய வேனுக்குச் சீட் மாற்ற வந்தவர்கூட பிள்ளைகள் மூவரின் வரலாற்றையும் கேட்டு முடித்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும். பெருமை பேசுகிறார் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பேசுவதற்கு இருக்கிறது, பேசுகிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பழைய பஸ் சீட்டுகளிலிருந்து ஆணி பிடுங்கும் வேலையில் சேர்ந்தவர், இன்று இந்த ஊரில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு உட்காரும் இடத்தைச் செய்து கொடுத்திருக்கிறார். அவர் தைத்த சீட்டில் உட்கார்ந்தவர்கள் யாரும் எழுந்து நின்று குறை சொன்னதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்பது அவரே சொல்லும் காரணம்.

கீழே பட்டறை, மேலே வீடு. நடுவில் இரும்புப் படிக்கட்டு. பட்டறையின் நடுவே ஒரு வெட்டுமேசை, பஸ்ஸின் கடைசி நீளச் சீட்டை அப்படியே விரித்துப் போடும் அளவுக்கு நீளம். அந்த மேசைதான் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம். காலையில் ஜெபம் முடிந்து, வேலையாட்கள் வரும்வரை மேசை அம்மாவுடையது. அவர்கள் வந்துவிட்டால் மேசை அப்பாவுடையது, பள்ளிக்கூடம் மாடிக்கு ஏறிவிடும்.

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்ற எண்ணம் அவருடையது இல்லை. அது அவர் மனைவிக்கு வந்தது. அந்த அம்மாள் கல்யாணத்துக்கு முன்னால் தன் சொந்த அண்ணன் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். ஒரு வகுப்பில் அத்தனை தலைகளை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையின் கண்ணையும் நேராகப் பார்க்க முடியவில்லை என்ற குறை அவர் மனதில் முள்ளாக இருந்தது. ஆண்டவர் கையில் கொடுத்த பிள்ளைகளை நாமே பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டும், வேதமும் கணக்கும் ஒரே வாயிலிருந்து அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று பல நாள் ஜெபித்துவிட்டு, ஒருநாள் தயங்கித் தயங்கிப் புருஷனிடம் சொன்னார். குஷன்காரர் நீண்ட யோசனை எதுவும் செய்யவில்லை. இந்தத் தெருவில் வேறு யாராவது இப்படிச் செய்கிறார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றார் மனைவி. அப்படியானால் செய்வோம் என்றார்.

செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டும் அல்லவா. கறுப்பு ரெக்சினில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, பலகையில் இழுத்து அடித்துச் சுவரில் மாட்டினார். சாக்பீஸால் எழுதி ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். பிள்ளைகள் உட்கார ஸ்பான்ஜ் வைத்துத் தைத்த மூன்று பெஞ்சுகள் செய்தார். எந்த ராஜா வீட்டுப் பள்ளிக்கூடத்திலும் மெத்தை வைத்த பெஞ்சு கிடையாது என்று ஊரெல்லாம் சொன்னார்.

அதைக் கேட்ட தலைமையாசிரியர் மச்சான் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிச் சிரித்தார். உட்காரும் இடம் மெத்தென்று இருந்தால் படிப்பு வராது மாப்பிள்ளை, தூக்கம்தான் வரும் என்றார். சொன்ன இடம் ஆலய வாசல். ஆராதனை முடிந்து வெளியே வந்த கூட்டம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. குஷன்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"மச்சான், எல்லார் முன்னாடியும் சொல்றேன், கேட்டுக்கோங்க. என் பிள்ளைங்கள்ல ஒண்ணு உங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஒரு அடி பின்னாடி நின்னாலும், மூணு பேரையும் நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உங்க கேட்ல நிக்கிறேன். நீங்களே சேர்த்துக்கோங்க."

பக்கத்தில் நின்ற மனைவி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். இழுத்து என்ன செய்வது, வார்த்தை வெளியே போய்விட்டது.

மூத்தவள் படிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. தம்பிக்குத் தகப்பன் வைத்த பெயர் பொட்டணம். எந்த இடத்தில் வைத்தாலும் அங்கேயே சுருண்டு தூங்கிவிடுவான். நடுவில் உள்ளவள்தான் ரேடியோ. அந்தப் பெயரும் அப்பா வைத்ததுதான். காதில் ஒருமுறை விழுந்தது அவள் வாயில் அப்படியே திரும்ப வரும். பட்டறைக்கு வருபவர்களின் இருமலைக்கூட அச்சு மாறாமல் செய்து காட்டுவாள். மனக்கணக்கில் அக்காவை முந்துவாள். பார்த்து எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள்.

குஷன்காரருக்கு ஒரு நாளில் பிடித்த நேரம் மாலை ஜெபம். எல்லாரும் பாயில் வட்டமாக உட்கார்வார்கள். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வர வேண்டும். குடும்பத்தலைவர் என்பதால் முதல் வசனம் அவருடையது. அடுத்தது மனைவி, பிறகு மூத்தவள், பிறகு ரேடியோ, கடைசியில் பொட்டணம் அம்மா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வான். வட்டம் மறுபடி அப்பாவிடம் வரும். வருஷக்கணக்காக யாரும் இடம் மாறி உட்கார்ந்தது கிடையாது. முடிவில் அவர் ஜெபிப்பார். அந்த ஜெபம் கொஞ்சம் நீளம். அந்த வாரம் பட்டறையில் எந்த வண்டிக்கு என்ன வேலை நடந்தது, அதை அவர் எவ்வளவு திறமையாக முடித்தார் என்பதையெல்லாம் ஆண்டவருக்கு விவரமாகத் தெரியப்படுத்திவிட்டுத்தான் ஆமென் சொல்வார். அதற்குள் அடுப்பிலிருந்து இறக்கிய சாப்பாடு ஆறி அவலாகிவிடும். தினமும் இரண்டாவது தடவை சூடு பண்ணுவது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது.

அந்த வட்டத்தில் ரேடியோ வாசிப்பதைக் கேட்டால் அவருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெரிதாகும். தடங்கல் கிடையாது, தயக்கம் கிடையாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொன்னார். என் நடுப்பொண்ணு வாசிச்சா தண்ணி ஓடுற மாதிரி இருக்கும் என்று.

தலைமையாசிரியர் ஒருநாள் மாலை தங்கையைப் பார்க்க வந்தார். ஜெப நேரம். வந்த விருந்தாளியைத் தனக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார் குஷன்காரர். ரேடியோ வாசிப்பதை மச்சான் காதால் கேட்கப் போகிறார் என்ற சந்தோஷத்தில் முதல் வசனத்தை வழக்கத்தைவிட உரக்க வாசித்தார். இரண்டாவது மச்சானுக்குப் போனது. மூன்றாவது மனைவிக்கு. நான்காவது மூத்தவளுக்கு. என்றும் இல்லாத விதமாக மூத்தவள் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, தலையைக் குனிந்துகொண்டே வாசித்தாள். வயலில் பெய்யும் மழையைப் பற்றிய வசனம் அது.

அடுத்தது ரேடியோ. புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, தண்ணீர் ஓடுவதுபோல, அதே மழை வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள்.

பொட்டணம் களுக்கென்று சிரித்துவிட்டான். "அக்கா இப்பத்தானே அதச் சொன்னா" என்றான்.

ரேடியோவின் காது மடல் சிவந்தது. கண் புத்தகத்தைவிட்டு எழவே இல்லை. குஷன்காரர் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"நல்ல வசனம். ரெண்டு தடவ கேட்டா தப்பில்ல. தங்கச்சி, மீதிய நானே வாசிக்கட்டுமா? எங்க வீட்டுல எனக்கு வாய்ப்பே கிடைக்காது."

அதிகாரம் முடியும்வரை அவர் ஒருவரே வாசித்தார். சாப்பிட்டார், பிள்ளைகளிடம் விளையாட்டாகப் பேசினார், போய்விட்டார். ஒரு குத்தல் இல்லை, ஒரு கேள்வி இல்லை. அதுதான் குஷன்காரருக்கு உறுத்தியது. மச்சான் கேலி செய்திருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பார். கேலி செய்ய வேண்டிய இடத்தில் அவர் செய்யவில்லை என்றால் விஷயம் கேலிக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் பட்டறையில் புது ரெக்சின் சுருள்கள் வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும், சரிபார்த்து இறக்கிய வேலையாள் எழுதிய ஒரு அட்டை தொங்கியது. ரேடியோவைக் கூப்பிட்டு, சிவப்புச் சுருளைக் காட்டி, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது பார் என்றார். அவள் சுருளைத் தடவிப் பார்த்தாள். "டாக்ஸிக்காரர் கேட்டதுப்பா. முன்சீட்டுக்கு மட்டும்" என்றாள். டாக்ஸிக்காரர் முந்தாநாள் வந்து கேட்டது உண்மைதான். ஆனால் அட்டையில் இருந்தது ஓரம் கிழிந்திருக்கிறது, திருப்பி அனுப்பவும் என்பது. அவர் அடுத்த அட்டையைக் காட்டினார். இந்தத் தடவை அவள் அட்டையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அதில் பதில் எழுதியிருப்பதுபோல.

குஷன்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார். எத்தனை நாளாக என்று மெதுவாகக் கேட்டார். எப்போதுமே என்றாள். எழுத்துகள் ஒரு இடத்தில் நிற்பதில்லை, பார்க்கப் பார்க்க ஒன்று மாதிரி இன்னொன்று ஆகிவிடுகிறது என்றாள். பார்த்து எழுதுவது படம் வரைவது மாதிரிதானாம். மாலையில் படிக்கட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு அவள் முறைக்கு வரும் வசனங்களை அக்கா சொல்லிக் கொடுப்பாளாம். ஒருமுறை கேட்டால் போதுமாம். நேற்று மாமா வந்து வட்டத்தில் உட்கார்ந்ததால் முறை ஒன்று தள்ளிப்போய், அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த வசனம் அக்காவுக்கே வந்துவிட்டதாம்.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே, கண்ணு."

"சொல்லலாம்னுதான்பா இருந்தேன். அதுக்குள்ள நீங்க எல்லார்கிட்டயும் நான் தண்ணி மாதிரி வாசிக்கிறேன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

குஷன்காரர் ஊசி விரலில் ஏறினால்கூடச் சத்தம் போட்டுத் திட்டுவார். அன்றைக்கு அந்தச் சின்னக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

மேலே போய் மனைவியிடம் சொன்னபோது, அந்த அம்மாள் ரெக்சின் பலகைக்கு எதிரில் கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டார். மூன்று பேரை வைத்துக்கொண்டு நான் பார்க்கவில்லையே, அங்கே அத்தனை பேரில் பார்க்க முடியவில்லை என்றுதானே இங்கே வந்தேன் என்று அழுதார். கேட்டில் நிற்க வேண்டியது நீங்கள் இல்லை, நான் என்றார். குஷன்காரர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வார்த்தை கொடுத்தது அவர். வாங்கிய ஆர்டரை அவர் ஒருநாளும் தட்டிக் கழித்ததில்லை. மூவரையும் குளித்துப் புறப்படச் சொன்னார். மெத்தைப் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒரு போர்வையால் மூடினார். கறுப்புப் பலகையில் முந்தின நாள் பாடம் பாதி இருந்தது. அதைத் துடைக்க யாருக்கும் கை வரவில்லை.

பள்ளிக்கூட கேட்டில் அவர் நின்றபோது மணி அடித்து முடிந்திருந்தது. ஒரு கையில் மூத்தவள், ஒரு கையில் ரேடியோ, தோளில் தூங்கிக்கொண்டிருந்த பொட்டணம். மனைவி ஒரு அடி பின்னால். ஜன்னல்களில் முகங்கள் முளைத்தன. காவலாளிக்கு இவரைத் தெரியும், உள்ளே வாங்க முதலாளி என்றார். இல்லை, கேட்டில் நிற்பதாகத்தான் பேச்சு என்றார் குஷன்காரர்.

தலைமையாசிரியர் வெளியே வந்தார். அவர் முகத்தில் ஜெயித்தவனின் சிரிப்பு இருக்கும் என்று எண்ணி, அதைத் தாங்குவதற்கு வழி முழுக்க மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார் குஷன்காரர். அப்படி ஒன்றும் இல்லை.

"சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டேன், மச்சான். சேர்த்துக்கோங்க."

மச்சான் ரேடியோவின் தலையில் கை வைத்தார்.

"சேர்த்துக்கறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, மாப்பிள்ளை. ஆனா மூணு பேர் இருக்கிற வீட்டுலயே இத்தன நாள் ஒளிஞ்சிருந்த பொண்ணு இவ. இங்க கொண்டு வந்து விட்டீங்கன்னா பத்தாவது வரைக்கும் ஒளிஞ்சிருப்பா. யாரும் கண்டுபிடிக்க மாட்டோம்."

"அப்ப என்னதான் பண்றது?"

"மொதல்ல கேட்ட விட்டு உள்ள வாங்க. பசங்க எல்லாம் வேடிக்கை பாக்குறாங்க."

உள்ளே மச்சான் ஒரு டீச்சரை அழைத்து வந்தார். நரைத்த தலை, மென்மையான குரல். எழுத்து கண்ணில் நிற்காத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைத் தனியாகப் பயிற்சி எடுத்துப் படித்தவர். இது மந்தமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, சில பிள்ளைகளுக்கு எழுத்து போய்ச் சேரும் வழி வேறு, கொஞ்சம் சுற்றுப்பாதை, அவ்வளவுதான் என்று விளக்கினார். வகுப்பு முடிந்த பிறகு அம்மா தன்னிடம் வந்து அந்த முறையைக் கற்றுக்கொள்ளட்டும், வீட்டில் அம்மாவே சொல்லிக் கொடுக்கட்டும், இந்தப் பிள்ளைக்கு வீடுதான் நல்ல இடம், அவசரப்படுத்த யாரும் இருக்க மாட்டார்கள் என்றார். அவசரப்படுத்த யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லும்போது குஷன்காரரை ஒரு பார்வை பார்த்தார். மச்சான் எல்லாவற்றையும் முன்பே சொல்லி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. வசனம் இரண்டு தடவை கேட்ட அன்றே, வீட்டுக்குப் போகும் வழியில், அந்த டீச்சரின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

குஷன்காரர் எழுந்து மச்சானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்லத் தெரியாமல், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி மரக்கட்டையாக இருக்கிறதே, நாளைக்கே மெத்தை தைத்துக் கொண்டு வருகிறேன் என்றார்.

"வேணாம் மாப்பிள்ளை. எனக்குத் தூக்கம் வந்துரும்" என்றார் மச்சான்.

நாற்காலிக்கு மெத்தை போய்ச் சேர்ந்தது. அது வேறு விஷயம்.

புறப்படும்போது மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உங்கள் வீட்டு ஜெபத்தில் யாருக்கு எந்த வசனம் என்று இனிமேல் யாருக்கும் முன்கூட்டியே தெரியக் கூடாது. அன்றிலிருந்து வட்டம் கலைந்தது. பொட்டணம் நடுவில் உட்கார்ந்து யாரை நோக்கி விரல் நீட்டுகிறானோ அவரே வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்தப் பதவி கிடைத்த பிறகு பொட்டணம் ஜெபத்தில் தூங்குவதை நிறுத்தினான்.

முதல் நாளே விரல் அப்பாவை நோக்கி நீண்டது. அதுவும் அதிகாரத்தின் நடுவில். குஷன்காரர் இத்தனை வருஷமாக தன் முறைக்கு வரும் வசனங்களை மட்டும் பட்டறையில் இருக்கும்போதே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். வீட்டின் தலைவர் பிள்ளைகள் முன்னால் திக்கினால் நன்றாகவா இருக்கும். இப்போது எதிரில் நின்றது அவர் முன்பின் பார்த்திராத ஒரு நீளமான பெயர், எழுத்து எழுத்தாக ரயில் மாதிரி. ஏறினார், இறங்கினார், பாதியில் நின்றார், மறுபடி முதலிலிருந்து ஏறினார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மூத்தவள் கூரையைப் பார்த்தாள்.

ரேடியோ நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, விரல வச்சு வாசிங்க. டீச்சர் அப்படித்தான் வாசிக்கச் சொன்னாங்க. அவசரம் இல்ல" என்றாள்.

விரலை வைத்தார். அவர் விரலுக்குப் பக்கத்தில் அவள் விரலும் வந்தது. ரெக்சின் தள்ளித் தள்ளித் தடித்துப் போன விரல் ஒன்று, சாக்பீஸ் பொடி ஒட்டிய விரல் ஒன்று. அந்தப் பெயரின் கடைசி எழுத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் எட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அந்த வெட்டுமேசை பார்க்காத வேடிக்கை இல்லை. மனைவி டீச்சரிடம் கற்றுவந்ததை மேசையில் பரப்புவார். ரெக்சின் துண்டுகளில் எழுத்துகளை வெட்டி, கண்ணை மூடித் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெட்டிக் கொடுப்பது குஷன்காரர். வெட்டிய எழுத்தின் ஓரம் கொஞ்சம் கோணினால் ரேடியோ திருப்பி அனுப்பிவிடுவாள், அட்டை தொங்காத குறைதான். ஒரு எழுத்தைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். அழுகை உண்டு, துண்டுகளைத் தூக்கி எறிந்ததும் உண்டு. அந்த அம்மாளின் பொறுமையை மட்டும் ஆண்டவர் தனியாக நூல் போட்டுத் தைத்திருக்க வேண்டும். ஒருநாளும் பிரியவில்லை. வருகிறவர்களிடம் குஷன்காரர் நடுப்பொண்ணைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்த காலம் அது ஒன்றுதான். எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இன்று அந்தப் பெண்தான் பட்டறையின் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். மூத்தவள் தாயைப் போல டீச்சர், தம்பி வண்டி ஓட்டுகிறான், ஓட்டும்போது தூங்குவதில்லை. ரேடியோ இன்றைக்கும் விரலை வைத்துத்தான் வாசிப்பாள். வாசித்ததில் ஒன்று தப்பாது. அவள் அனுப்பி ஒரு சுருள்கூடத் தவறான வண்டிக்குப் போனதில்லை என்று குஷன்காரர் சொன்னால் அதை நம்பலாம், இதில் மட்டும் அவர் கூட்டிச் சொல்வதில்லை.

ஆனால் அவரைக் கேட்டால் இதையெல்லாம் தாண்டி அவர் சொல்வது ஒரு மாலையைத்தான். கேட்டில் நின்றதற்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு மச்சான் மறுபடி ஜெப நேரத்துக்கு வந்தார். பாயில் உட்கார்ந்தார். பொட்டணத்தின் விரல் சுற்றிச் சுற்றி வந்து ரேடியோவிடம் நின்றது. அவன் வேண்டுமென்றே நிறுத்தினானா என்று இன்றுவரை கேட்டும் சொல்ல மறுக்கிறான்.

அவள் விரலை வைத்தாள். முதல் சொல் வந்தது. நீண்ட இடைவெளி. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் ஒருமுறை தவறி, தானே திரும்பிப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மூத்தவள் தன் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வேறு யாராவது வாசித்திருந்தால் அந்த நேரத்தில் அதிகாரமே முடிந்திருக்கும். தண்ணீர் ஓடுவதுபோல இல்லை அது. மேட்டில் குடத்தோடு ஏறுபவள் ஒவ்வொரு அடியாக வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டு வருவதுபோல இருந்தது. கடைசிச் சொல்லை வாசித்துவிட்டு அவள் தலை நிமிர்ந்தாள். இந்தத் தடவை யாருடைய முகத்திலும் அவள் பதிலைத் தேடவில்லை.

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல வசனம் என்று மட்டும் சொன்னார்.

ஜெபிக்க வேண்டிய முறை குஷன்காரருடையது. கண்களை மூடினார். அந்த வாரம் பட்டறையில் பெரிய வேலை முடிந்திருந்தது, ஆண்டவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. மனைவி, மச்சான், நரைத்த தலை டீச்சர், படிக்கட்டில் உட்கார்ந்து தங்கைக்குச் சொல்லிக் கொடுத்த மூத்தவள் என்று ஒவ்வொரு முகமாகக் கண்ணுக்குள் வந்து போனது. இதில் தான் செய்தது என்று எதையும் அவரால் தனியாகப் பிரித்து எடுக்க முடியவில்லை.

"ஸ்தோத்திரம், ஆண்டவரே" என்றார். "ஆமென்" என்றார்.

மற்றவர்கள் இன்னும் கண்களை மூடிக்கொண்டு மீதி ஜெபத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வராது என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மனைவி எழுந்து உள்ளே போனார். பாத்திரத்தின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க, இங்க பாருங்களேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னிக்கு சாப்பாடு ஆறவே இல்ல."